மாட்டுக் கொட்டகைக்கு ஒரு சென்சார் செட்: தண்ணீருக்கு பாஸ், காற்றுக்கு ஃபெயில்

படிக்கிறவர்களில் பாதிப் பேர் வாங்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருப்பீர்கள், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் பாதியை மட்டும். இந்த செட்டில் இரண்டு பெட்டிகள் வருகின்றன. ஒன்று தண்ணீரைப் பார்க்கும்: டேங்கில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு. இன்னொன்று கொட்டகைக் காற்றைப் பார்க்கும்: வெப்பம், ஈரப்பதம், அதிலிருந்து கணக்குப் போட்டு மாட்டுக்கு வெப்ப அயர்ச்சி வருமா என்று ஒரு எண், அப்புறம் அமோனியா. தண்ணீர்ப் பெட்டி கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. காற்றுப் பெட்டி நல்ல தெர்மாமீட்டர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதிலும் அது அடிக்கும் அலாரம் நம்ம ஊருக்கு ஒத்தே வராது, ஏன் என்று கீழே விளக்கமாக எழுதுகிறேன், அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. சர்வீஸ் விஷயத்தில் கொஞ்சம் மனக்கசப்பு இருக்கிறது, அது தவிர இதே பெட்டிகள் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி வேறு வேறு பெயரில் ஆன்லைனில் கிடைக்கின்றன. நான் வாங்கியது 21,500 ரூபாய், முதல் வருஷம் ஆப் இலவசம், மாட்டிக் கொடுக்க வந்தவருக்குத் தனியாக. நான் சென்னை கொளத்தூரில் இருக்கிறேன், பேனல் போர்டு வயரிங் வேலை. பண்ணை என்னுடையது இல்லை, மீஞ்சூர் தாண்டி அக்காவும் மாமாவும் வைத்திருப்பது. இருபதுக்கு மேல் கறவை, பெரும்பாலும் ஜெர்சி கலப்பு, கொஞ்சம் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்), எருமை இரண்டு. போனில் கிராஃப் பார்ப்பதும் ஸ்க்ரூ டிரைவர் எடுப்பதும் என் பங்கு, மாட்டைப் பார்ப்பது அவர்கள்.

இந்தச் சாமான் இந்த மாதிரி பண்ணைக்காகப் பிறந்ததே இல்லை. ஆஸ்திரேலியாவிலும் டெக்சாஸ் பக்கமும் மாட்டைக் கட்டிப் போட்டு வளர்க்க மாட்டார்கள், வேலி போட்ட பெரிய மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிடுவார்கள். தென் ஆஸ்திரேலியாவில் அன்னா க்ரீக் என்று ஒரு பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம்ம சென்னை மாநகராட்சி மொத்தமே 426தான். அங்கே போர் தண்ணீர் தொட்டிக்கு ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதற்கே ஒரு ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். ஒரு மிதவை வால்வு மாட்டிக்கொண்டு தண்ணீர் நின்றால் வெயில் காலத்தில் சில நாட்களிலேயே மாடுகள் விழத் தொடங்கிவிடும், அடுத்த தொட்டி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்காது. அதனால் தொட்டிக்குத் தொட்டி சென்சார், அங்கிருந்து சாட்டிலைட் வழியாகப் போனுக்கு. அந்த ஊர் ஆட்களுக்கு டீசல் மிச்சமும் நேர மிச்சமுமே போட்ட காசை எடுத்துக் கொடுத்துவிடும். விளம்பர வீடியோவிலும் செம்மண் காடும் தொப்பி போட்ட ஆளும்தான் வருகிறார்கள்.

நம்ம கதை வேறு. அக்கா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகை, தொட்டி, டேங்க் எல்லாமே தெரியும். "எட்டிப் பார்த்தா தெரியுது, இதுக்கு எதுக்குடா போனு?" என்று அக்கா முதல் நாளே கேட்டது. நியாயமான கேள்விதான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிடலாம், அதில் எவ்வளவு உப்பு என்று பார்க்க முடியாதே, அதற்காகத்தான் வாங்கினேன்.

மீஞ்சூர் பக்கத்துத் தண்ணீர் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆரணியாறுக்கும் கொசஸ்தலையாறுக்கும் நடுவில் இருக்கிற மணல் பூமி அது, ஒரு காலத்தில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1960களிலிருந்து சென்னைக் குடிநீருக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் கிணறு போட்டு இறைத்தார்கள், தொழிற்சாலைகள் இறைத்தன, விவசாயத்துக்கும் இறைத்தார்கள், நிலத்தடி நீர் மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போனது, கடல் உள்ளே வந்துவிட்டது. கடற்கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் வரைக்கும் உப்பு ஏறியிருக்கிறது. அதே பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010ல் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தார்கள், நாளைக்குப் பத்து கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, அக்கா வீட்டு மாடு போர் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

மாடு எவ்வளவு உப்பு வரைக்கும் தாங்கும் என்று நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது, காரணம் நம் வீட்டு ஆர்.ஓ. மெஷின் விற்கிறவர்கள் சொல்லும் எண்ணை மாட்டுக்கும் போட்டுப் பார்ப்பது. மனுஷனுக்கு இந்தியத் தர நிர்ணயப்படி டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கிற உப்பு, 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. மாட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. 1000க்குள் இருந்தால் கவலையே வேண்டாம். 1000 முதல் 3000 வரை குடிக்கும், புதிதாக அந்தத் தண்ணீருக்கு மாற்றும்போது கொஞ்ச நாள் கழிச்சல் வரலாம், அப்புறம் பழகிவிடும். 3000ஐத் தாண்டினால் முகத்தைத் திருப்ப ஆரம்பிக்கும், குடிப்பது குறையும், கறவையும் குறையலாம். 7000க்கு மேல் போனால் சினை மாடு, கறவை மாடு, கன்று எதற்கும் கொடுக்கக் கூடாது. 10,000 என்றால் எந்த மாட்டுக்குமே ஆகாது. இதில் கவனிக்க வேண்டியது அந்த "குடிப்பது குறையும்" தான். பாலில் 87 சதவீதம் தண்ணீர். ஒரு லிட்டர் பாலுக்கு மாடு மூன்று நான்கு லிட்டர் தண்ணீராவது குடித்தாக வேண்டும், கோடையில் இன்னும் அதிகம். தண்ணீரை வேண்டாவெறுப்பாகக் குடிக்கிற மாட்டுக்கு என்ன தீவனம் போட்டாலும் பால் ஏறாது.

பெட்டியை மாட்டின பிறகு கிராஃபில் தெரிந்த விஷயம், எங்கள் போரில் உப்பு ஒரே அளவாக வருவதில்லை. மோட்டார் போட்டவுடன் 1900 சொச்சம் காட்டும். ஓட ஓட மெதுவாக ஏறும். ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 3000ஐத் தாண்டிவிடும். நிறுத்திவிட்டு சில மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி 1900 பக்கம் வந்து நிற்கும். முதலில் சென்சார்தான் கோளாறு என்று நினைத்து டி.டி.எஸ். பேனா ஒன்று வைத்து ஒப்பிட்டேன், பேனாவும் அதையேதான் சொன்னது. கடலோர போர்களில் இது நடக்கக் கூடியதுதான். நல்ல தண்ணீர் லேசு, மேலே நிற்கும். உப்புத் தண்ணீர் கனம், கீழே கிடக்கும். ஒரே இடத்தில் விடாமல் உறிஞ்சினால் கீழே கிடக்கிற உப்புத் தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கூம்பு மாதிரி மேலே எழும்பி வரும். விட்டால் மெதுவாகக் கீழே இறங்கும். மாமா மும்முனை கரண்ட் வருகிற நேரத்தில் டேங்கை ஒரேயடியாக நிரப்பி வைக்கிற ஆள், பாதி ஊர் அப்படித்தான் செய்கிறது. இப்போது ஸ்டார்ட்டரில் டைமர் வைத்து கொஞ்ச நேரம் ஓட்டி, விட்டு, மறுபடி ஓட்டுகிறோம். டேங்கில் சேரும் தண்ணீர் மொத்தமாகப் பார்த்தால் முன்னைவிட உப்பு குறைவு. மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கிக் கலப்பதும் குறைந்திருக்கிறது. "மாப்ள, இதுக்குத்தான் காசு" என்று மாமாவே சொன்னார், அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது சாதாரண விஷயம் இல்லை.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஆழமாக இன்னொரு போர் போட்டுப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் நிறைய. ஆழமாகப் போனால் இங்கே இன்னும் உப்பாகவும் வரலாம்.

டி.டி.எஸ். முனையைப் பராமரிக்க வேண்டும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடினத் தண்ணீரில் முனைமேல் வெள்ளையாகப் படியும், படிந்தால் அளவு குறைத்துக் காட்டும், நீங்களும் தண்ணீர் நல்லாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். வினிகரில் கொஞ்ச நேரம் ஊற வைத்து மெல்லிய பிரஷால் தேய்த்தால் போய்விடும். அப்புறம் 1413 என்று எழுதிய அளவுத் திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கும், அதில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த முனை தண்ணீரின் மின்கடத்தலை அளந்துதான் உப்பைச் சொல்கிறது. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மின்கடத்தல் சுமார் 2 சதவீதம் கூடும், அதனால் சூட்டைக் கழித்துக் கணக்குப் போடாத மலிவு மீட்டர்கள் மதியம் ஒன்று ராத்திரி ஒன்று சொல்லும். இந்தப் பெட்டியில் தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கத் தனி முனை இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை, இரவு பகல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சூட்டு முனையால் கிடைத்த இன்னொரு தகவல்: கருப்பு டேங்கில் மதியம் தண்ணீர் 38 டிகிரி. குழாய் மண்ணுக்கு மேல் வெயிலில் ஓடினால் தொட்டிக்கு வரும்போது இன்னும் மோசம். அவ்வளவு சூடான தண்ணீரை எந்த மாடு ஆசையாகக் குடிக்கும்? டேங்க் மேல் ஓலை போட்டுக் குழாயை மண்ணில் புதைத்தோம். இதற்கு சென்சாரே தேவையில்லை, கையை விட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும், ஆனால் போனில் எண்ணாகப் பார்த்த பிறகுதான் மாமா மண்வெட்டியை எடுத்தார்.

ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். நன்றாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஆப்பில் பச்சைக் கலரில் "பாதுகாப்பானது" என்று எழுதி வருகிறது. அதை நம்பாதீர்கள். இந்த முனை கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டும் காட்டும். சாணக்குழி போருக்குப் பக்கத்தில் இருந்து நைட்ரேட் இறங்கியிருந்தால் தனியாகச் சொல்லாது. கிருமி தெரியாது. பூச்சிமருந்து தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அந்த மாதிரி எண்ணெய் வந்தாலும் இது பச்சையாகத்தான் காட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் பாசி பச்சையாகத் திரண்டாலும் அப்படித்தான், சில நீலப்பச்சைப் பாசி மாட்டைக் கொல்லும் விஷம். வருஷத்துக்கு ஒரு முறையாவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டி ஒரு சாம்பிள் பார்த்துவிடுவது நல்லது.

சரி, டேங்க் அளவு. மேலே மூடியில் துளை போட்டு மாட்டுகிற ஒலி சென்சார் இது, கீழே சத்தத்தை அனுப்பி எதிரொலி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். இரண்டு குணங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒன்று, சென்சார் முகத்திலிருந்து சுமார் 25 செ.மீ. வரைக்கும் அதற்குக் கண் தெரியாது, டேங்க் நிரம்பி வழிகிற நேரத்தில்தான் உளறும். மூடிக்கு மேலே ஒரு துண்டு பி.வி.சி. பைப் வைத்து உயர்த்தி மாட்டினால் சரியாகிவிடும், மாட்ட வந்தவருக்கு அது தெரியவில்லை. இரண்டு, சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும். மதியம் டேங்குக்குள் காற்று 50 டிகிரிக்குப் பக்கத்தில் போகும்போது எதிரொலி சீக்கிரம் வந்துவிடுவதால், மோட்டாரே போடாமல் தண்ணீர் கூடின மாதிரி கிராஃப் ஏறுகிறது, ராத்திரி இறங்குகிறது. ஒரு மீட்டர் இடைவெளிக்கு அஞ்சு செ.மீ. வரை வித்தியாசம் வரலாம். பெட்டியிலேயே வெப்ப சென்சார் இருக்கிறது, அதை வைத்துத் திருத்தியிருக்கலாம், யாரோ சோம்பேறித்தனமாக விட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள் இறக்குகிற அழுத்த சென்சார் வகை இருக்கிறது, விலை கூட, ஆனால் இந்தத் தொல்லை இல்லை. பெரிய சம்ப் வைத்திருப்பவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். ஈரம் முகத்தில் முத்து முத்தாகத் தங்கினாலும் இது உளறும், சிலந்தி கூடு கட்டினாலும் உளறும், பல்லிக்கும் இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

இவ்வளவு குறை சொன்னாலும் இந்த அளவு கிராஃப் தினமும் பார்க்கிற ஒன்றாகிவிட்டது. ராத்திரி மாடுகள் படுத்திருக்கும்போது கோடு நேராக இருக்க வேண்டும். ஒரே சரிவாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் தொட்டி மிதவை வால்வு, மாடு முதுகைத் தேய்த்துத் தேய்த்து வளைத்துவிடும். கறவை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மாடுகள் அன்றைய தண்ணீரில் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை குடித்துவிடும், கிராஃபில் அது படிக்கட்டு மாதிரி இறக்கமாகத் தெரிய வேண்டும். எங்களுக்கு அந்த இறக்கம் சாய்வாக நீண்டுகொண்டே போனது. தொட்டிக்குப் போகிற குழாய் அரை இஞ்ச், எல்லா மாடும் ஒரே நேரத்தில் வாய் வைக்கும்போது தண்ணீர் வரத்துப் போதவில்லை, வலுவான மாடு குடித்துவிட்டு நிற்க, சாது மாடுகள் பின்னாலேயே நின்றன. அக்காவுக்கு இது முன்னாடியே தெரியும், "அந்த வெள்ளைக் கெடேரிக்கு எப்பவுமே கடைசிதான்" என்று சொல்லும். ஒரு இஞ்ச் குழாய் மாற்றினோம், இப்போது எல்லாமே ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போகின்றன. பால் கூடினதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மாமா சொல்கிறார், அதே சமயத்தில் தீவனமும் மாற்றியதால் இதனால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இனி காற்றுப் பெட்டி. வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் சேர்த்து டி.எச்.ஐ. என்று ஒரு குறியீட்டு எண் போடுகிறது. இந்தக் கணக்கு கால்நடை மருத்துவத்தில் பழையது, நிறைய நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். எண் 72க்குள் இருந்தால் கறவை மாட்டுக்குப் பிரச்சினை இல்லை, 72 முதல் 79 வரை லேசான அயர்ச்சி, 80 முதல் 89 வரை நடுத்தரம், 90க்கு மேல் கடுமை. நிறையக் கறக்கும் மாடுகளுக்கு 68லேயே ஆரம்பித்துவிடும் என்று பிற்பாடு இறக்கினார்கள். நம்ம பெட்டியும் 72 தாண்டினால் போனில் அலாரம் அடிக்கிற மாதிரி செட் செய்து வருகிறது.

மாட்டின அன்றைக்கே அலாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி படுக்கப் போகும்போதும் அடித்தது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்பது ஒரு சாதாரண நாள், யாரும் வெயில் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், அதற்கு எண் 85. மே மாதத்து ராத்திரி 30 டிகிரி, 75 சதவீதம், எண் 82. டிசம்பர் மாதம் மழை விட்ட சாயங்காலம் 25 டிகிரி, 80 சதவீதம், நாமெல்லாம் ஸ்வெட்டரைத் தேடுகிற நேரம், அதற்கே 75. தை மாதத்து விடியற்காலையில் 21 டிகிரிக்கு இறங்கும்போதுதான் 69க்கு வருகிறது. ஆக, இந்தப் பெட்டி சொல்வதைக் கேட்டால் சென்னை மாடு வருஷத்தில் தை மாதம் சில விடியற்காலை தவிர மற்ற நேரமெல்லாம் அயர்ச்சியில் இருக்கிறது. அது பொய் என்று சொல்ல மாட்டேன், ஐரோப்பிய ரத்தம் கலந்த மாட்டை இந்த ஊரில் வைத்திருந்தால் அப்படித்தான். ஆனால் வருஷம் முழுக்க அடிக்கிற அலாரம் அலாரமா? மூன்றாவது நாளே அக்கா போனில் நோட்டிபிகேஷனை ஆஃப் பண்ணிவிட்டது. வறண்ட புல்வெளிக்கு, ராத்திரியானால் குளிர்ந்துவிடும் ஊருக்கு வைத்த அளவை அப்படியே தூக்கி வங்கக் கடல் ஓரத்தில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இதைவிடச் சுவாரஸ்யமான ஒன்று கடல்காற்று. மதியம் ஒரு மணி சுமாருக்குக் கடல்காற்று திரும்பியவுடன் நமக்கெல்லாம் உயிர் வந்த மாதிரி இருக்கும், கொட்டகையிலும் மாடுகள் வாயை மூடி அசை போட ஆரம்பிக்கும். பெட்டி என்ன சொல்கிறது தெரியுமா? காற்று வருவதற்கு முன் 36 டிகிரி, ஈரப்பதம் 45. எண் 85. வந்த பிறகு 33 டிகிரி, ஈரப்பதம் 65. எண் அதே 85. வெப்பம் இறங்கினதை ஈரம் சரிக்கட்டிவிட்டது. அந்தக் கணக்கில் காற்று வேகத்துக்கு இடமே இல்லை. வெயிலில் நிற்கிறதா நிழலில் நிற்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது. மாட்டுக்கு மாற்றம் தெரிகிறது, பெட்டிக்குத் தெரியவில்லை. இந்த விஷயம் புரிந்ததும் கொட்டகையின் கிழக்குப் பக்கத்தில் தார்ப்பாய் தொங்கவிட்டிருந்ததைச் சுருட்டி மேலே கட்டினோம், காற்று நேராக உள்ளே வருகிறது. செலவு சணல் கயிறு மட்டும்.

பெட்டி விற்றவர் கூடவே ஃபாகர் செட் ஒன்றையும் தள்ளப் பார்த்தார், பனி மாதிரி நுண்ணிய துளியைத் தெளிக்கிற சாமான், பெட்டியோடு இணைத்தால் எண் ஏறும்போது தானாக ஓடுமாம். எண் எப்போதும் ஏறியே இருக்கிறது, அப்போது அதுவும் எப்போதும் ஓடும், சந்தோஷம். ஃபாகர் வறண்ட ஊருக்கு நல்லது, துளி காற்றிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். இங்கே ஏற்கெனவே காற்று ஈரத்தில் நனைந்து கிடக்கிறது, ஆவியாக இடமில்லை, கொட்டகை ஈரமாகித் தரை சொதசொதவென்று ஆகி மடிநோய்க்குத்தான் வழி. நம்ம ஊருக்குத் தேவை பெரிய துளியாக மாட்டின் முதுகை நன்றாக நனைத்துவிட்டு நிறுத்தி, ஃபேன் போட்டுக் காய வைப்பது. நனைத்துக் காய, மறுபடி நனைத்துக் காய. தோலிலிருந்து ஆவியாகும்போதுதான் உடம்புச் சூடு இறங்கும். இரண்டு பெடஸ்டல் ஃபேன், ஒரு தோட்டக் குழாய், அவ்வளவுதான்.

மாட்டுக்கு அயர்ச்சி வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி விலா ஏறி இறங்குவதை எண்ணுவது. போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஒரு நிமிடம். 60ஐத் தாண்டினால் மாடு திணறுகிறது. வாய் திறந்து எச்சில் ஒழுக மூச்சு வாங்கினால் அப்போதே தண்ணீர் ஊற்ற வேண்டும், கால்நடை மருத்துவருக்குப் போன் போட வேண்டும். இதை அக்கா எண்ணாமலேயே சொல்லிவிடும்.

காற்றுப் பெட்டியால் பயனே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஆப்பில் அலாரத்தை 72லிருந்து மாற்ற முடியும், செட்டிங்ஸில் ஆழமாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதை 84க்கு மாற்றி, அலாரத்தை இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரைக்கும் மட்டும் வைத்தேன். பகலில் எவ்வளவு சூடானாலும் ராத்திரி கொஞ்ச நேரமாவது ஆற முடிந்தால் மாடு தேறிக்கொள்ளும், ராத்திரியும் இறங்காவிட்டால் அடுத்த நாள் தீவனம் எடுப்பது குறையும், பால் குறையும், கொழுப்பும் குறைந்து சொசைட்டியில் விலையும் குறையும். கத்திரி வெயில் நாட்களில் இந்த ராத்திரி அலாரம் அடித்தால் மாமா எழுந்து ஃபேன் போடுகிறார். அப்படி வைத்த பிறகு அது அடிப்பது அபூர்வம், அடித்தால் எழுந்து பார்க்கிறார்கள். இந்த வேலைக்குக் கடையில் கிடைக்கிற சின்ன வெப்ப ஈரப்பத மீட்டரே போதும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அமோனியா சென்சார் பற்றி ஒரே வரி: தண்டம். உள்ளே இருப்பது எல்லா வாயுவுக்கும் துள்ளுகிற மலிவு வகை, ஈரத்துக்கும் துள்ளும், சாம்பிராணிப் புகைக்கும் துள்ளியது. கொட்டகையில் நுழைந்ததும் கண் எரிந்தால் அமோனியா அதிகம், சாணியை அள்ளி வெளியே போடுங்கள்.

சிக்னல் பரவாயில்லை. கொட்டகைப் பெட்டியிலிருந்து வீட்டுப் பெட்டிக்கு லோரா என்கிற ரேடியோ முறையில் வருகிறது, நம் நாட்டில் அதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வெளிநாட்டு சைட்டில் மலிவாக இருக்கிறது என்று 915 போட்ட பெட்டியை வாங்கிவிடாதீர்கள், அது ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ளது. பத்து கிலோமீட்டர் போகும் என்று விளம்பரம், அது நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக்கு. தகரக் கூரைக்கு அடியில் ஆன்டெனா இருந்தால் வீட்டுக்கே வராது, கம்பத்தில் தூக்கிக் கட்டினால் தாராளமாக வருகிறது. பேட்டரி, சோலார் தகடு குறை சொல்ல முடியாது, அடைமழை வாரத்திலும் நின்றதில்லை. கரண்ட் போனால் வீட்டு வைஃபை போகும், அப்போது போனுக்கு எதுவும் வராது, பெட்டி உள்ளே சேமித்து வைத்துப் பிறகு அனுப்புகிறது. ஆப் முழுக்க ஆங்கிலம். தமிழ் வரும் வரும் என்கிறார்கள். பார்க்க வேண்டியது அக்காவும் கொட்டகையில் வேலை செய்கிறவரும், அவர்களுக்கு நான்தான் எந்தக் கலர் என்ன என்று எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

சர்வீஸ். டி.டி.எஸ். முனை ஒன்று வாரண்டிக்குள்ளேயே செத்துப் போனது. போன் பண்ணினால் எடுப்பார்கள், அன்பாகப் பேசுவார்கள், "நாளைக்கு ஆள் வருவார் சார்" என்பார்கள், ஆள் வர மாட்டார். மீஞ்சூர் என்றவுடன் அது சென்னைக்குள் வருமா வராதா என்று அவர்களுக்கே ஒரு சந்தேகம், வாங்கும்போது மட்டும் சென்னை முழுக்க இலவச டெலிவரி. கடைசியில் நான் ரிச்சி தெருவில் அதே மாதிரி முனை வாங்கி மாட்டினேன், அப்படியே வேலை செய்கிறது. இந்த வேலை தெரியாதவர்கள் வாங்கினால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை, பேனல் எலெக்ட்ரிஷியன் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

யார் வாங்கலாம்? கடலோரம் போர் வைத்திருப்பவர்கள், பழவேற்காடு, பொன்னேரி, எண்ணூர் பக்கம், தெற்கே கோவளம், திருப்போரூர் பக்கம், பத்து மாட்டுக்கு மேல் இருந்தால் தண்ணீர்ப் பெட்டியை யோசிக்காமல் வாங்கலாம். புழல், சோழவரம் பக்கம் நல்ல தண்ணீர் இருக்கிறவர்களுக்கு டேங்க் நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற மிதவை சுவிட்சும் ஒரு டி.டி.எஸ். பேனாவும் போதும், இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய் சொச்சம்தான். காங்கேயம், உம்பளாச்சேரி மாதிரி நாட்டு மாடு வைத்திருப்பவர்களுக்குக் காற்றுப் பெட்டி சுத்தமாகத் தேவையில்லை, அவை இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை.

இப்போது இலவச வருஷம் முடிகிறது. ஆப்புக்கு அடுத்த வருஷக் கட்டணம் ஒரு பெட்டிக்கு 2,400 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டுமாம். தண்ணீர்ப் பெட்டிக்கு மட்டும் கட்டுகிறேன், காற்றுப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று முதல் பதில். மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று இரண்டாவது பதில். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.